ஐந்தாம் நம்பர்

பேரணாம்பட்டு ஷூ கம்பெனி கேண்டீனில்
டீ பிரேக் பத்தே நிமிஷம்.
டிவியில் அந்தத் தலைவர் கையசைக்கிறார்.
இந்த வருஷம் அமைதிப் பரிசு
அவருக்குத்தான் கிடைக்குமாம்.
ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பேனாவைக்கூடத்
தனியே ஒருதரம் காட்டினார்கள்.

"சண்டை நின்னுபோச்சு இல்ல,
குடுத்தா இன்னா தப்பு?"
கட்டிங் எபினேசர் வடையைப் பிட்டுக்கொண்டே கேட்டார்.
"மூட்டிவுட்டவரே நிறுத்துனா பரிசா?
எங்க தெருக் குழாயாண்ட
தெனம் மூட்டி தெனம் நிறுத்துறாங்க ரெண்டு பேரு.
ஒரு எவர்சில்வர் டம்ளரு
குடுத்தது இல்ல யாரும்" என்றாள் தில்ஷாத்.
எல்லோரும் சிரித்தோம்.
நானும்.

நான் பேக்கிங்.
அந்த நாட்டை எனக்கு
அட்டைப்பெட்டியில் அடிக்கிற எழுத்தாகத்தான் தெரியும்.
கறுப்பு பூட்ஸ், எட்டு இஞ்ச் உயரம்,
மூக்கில் இரும்பு.
போன வருஷம் நாற்பதாயிரம் ஜோடி.
எட்டும் ஒன்பதுமே அதிகம்,
பத்துகூட உண்டு.
நல்ல ஆகிருதியான ஜனம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

பேனா மூடிய மறுவாரம்
இன்னொரு ஆர்டர் வந்தது.
இருபதாயிரம். அவசரம்.
ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி.
நோட்டைப் பார்த்துப் பெட்டி அடுக்கினேன்:
ஐந்து, ஆறு, ஐந்து, ஐந்து, ஆறு.
ஒன்பது ஒன்றுகூட இல்லை.
எட்டு எங்கே போனது என்று
சூப்பர்வைசரைக் கேட்டேன்.
"பையர் கேட்டத அனுப்பு, கோமளீஸ்வரி.
கணக்கு கேக்கறது நம்ம வேலையா?"

என் மகன் பதினொன்றாவது.
அவன் கால் ஆறு.

அந்த ஓ.டி. காசில்தான்
அவனுக்கு இரண்டாம் டேர்ம் கட்டினேன்.
இதையும் சொல்லிவிட வேண்டும்,
இல்லாவிட்டால் நான் பேசுவது
தோல் ஷாப்பு கழிவை விட்டுக்கொண்டே
பாலாற்றுக்கு அழுகிறவர் பேச்சுப்போல் ஆகிவிடும்.

பரிசு கொடுக்கிறவர்களே,
அவர் மேடையில் என்ன பேசினார் என்று
எனக்குத் தெரியாது. பாஷை தெரியாது.
எங்கள் ஆர்டர் நோட்டு
கோடு போட்ட சாதா நோட்டுதான்,
யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.
ஐந்தாம் நம்பர் கட்டத்தில்
சைபர் விழுகிற வருஷம் வாருங்கள்,
அப்போது யோசிக்கலாம் அவருக்கா வேறு யாருக்கா என்று.

அந்த வருஷம் இந்த லைனில்
பாதிப் பேரை நிறுத்துவார்கள்.
குடியாத்தம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும்.
தில்ஷாத் என்ன செய்வாள், நான் என்ன செய்வேன்,
யோசித்துப் பார்த்தேன்,
பதில் வரவில்லை.
ஆனாலும் சைபர்தான் வேண்டும் என்று
டீ கிளாஸைக் கழுவும்போது தோன்றியது.
சம்பளத் தேதியில் தோன்றுமா, தெரியாது.

பெல் அடித்துவிட்டார்கள்.
பூட்ஸ் நசுங்காமல் இருக்க
உள்ளே தாளைக் கசக்கித் திணிக்க வேண்டும்,
கால் இருக்கிற மாதிரி நிற்கும்.
ஐந்தாம் நம்பருக்கு
ஒரு தாளே போதும்.