எண்பத்திரண்டு

எழுபத்தெட்டு வரை சாது.
எண்பதில் கியர் லிவரின் தலை மட்டும்
வேண்டாம் வேண்டாம் என்று ஆடும்.
எண்பத்திரண்டில்
கண்ணாடியில் தெரியும் பஸ்
இரண்டு பஸ்ஸாகும்.
தொண்ணூறைத் தாண்டினால் அடங்கிவிடும் என்பார் இளம்பரிதி.
தாண்டிப் பார்த்ததில்லை நான்.
பின்னால் நூற்றிருபது கிலோ உயிர் நண்டு.

வனத்துறை ஏலத்தில் எடுத்த ஜிப்ஸி.
வெள்ளை அடித்து வருஷங்களாகியும்
கதவிடுக்கில் இன்னும் கொஞ்சம் பச்சை,
இன்னும் கொஞ்சம் காடு.

முருங்கப்பாக்கம் தேவசகாயம்
நான்கு சக்கரத்துக்கும் ஈயம் வைத்தான்.
பிறகு பிடுங்கி வேறு இடத்தில் வைத்தான்.
"ரிம்மு வளைஞ்சிருக்குக்கா."
ரிம் மாற்றினோம்.
"டயரு வயித்துல கட்டி."
டயர் மாற்றினோம், இரண்டு, புதுசு.
அலைன்மென்ட் கடைக் கம்ப்யூட்டர்
எல்லாவற்றையும் பச்சையில் காட்டியது.
அதை நம்பித் தவளக்குப்பம் தாண்டுமுன்
பிளாஸ்க் மூடி தானே கழன்று
என் காலடியில் விழுந்தது.

கடைசியில் முதுநகர் நைனாமுகமது.
பானெட்டைத் திறக்கவில்லை அவர்.
"ஸ்டியரிங்குல வருதா, சீட்டுல வருதா?"
உள்ளங்காலில், என்றேன்.
பீடிக்கட்டு அட்டையில் எழுதிக்கொண்டார்.
இரண்டரை வருஷத்தில்
நான் சொன்னதை எழுதிக்கொண்ட முதல் ஆள்.

ரெட்டிச்சாவடி தாண்டி நேர்ரோடு.
எண்பத்திரண்டில் கிளட்ச்சை மிதிக்கச் சொன்னார்,
நியூட்ரலுக்குத் தள்ளச் சொன்னார்.
என்ஜின் தணிந்தது, நடுக்கம் தணியவில்லை.
"என்ஜின் தப்பிச்சுது."
லேசா இடப்பக்கம் ஒடிங்க. இப்ப வலப்பக்கம்.
சத்தம் மாறவில்லை.
"பேரிங்கும் தப்பிச்சுது."
ஒவ்வொன்றாக விடுதலை செய்துகொண்டே வந்தார்.
எனக்கு வயிற்றைக் கலக்கியது.

புளியமரத்தடியில் நிறுத்தி
முன்சக்கரத்தின் நடுவில் குனிந்தார்.
ஹப் இரண்டும் லாக்கில்.
"எப்பலேர்ந்து இப்படி?"
வெள்ளம் வந்த வருஷம். துரு. திருப்ப வரலை.
மண்ணெண்ணெய் விட்டு, பிளேயரால் தட்டித் தட்டி
ஃப்ரீயில் போட்டார்.
மறுபடி எண்பத்திரண்டு.
டேஷ்போர்டில் வைத்த டீ
ஒரு வட்டம்கூடப் போடவில்லை.

"அப்ப முன்ஷாஃப்ட்டு" என்றார்,
ஆள் பெயர் சொல்வதுபோல.

கெடிலம் கரை மீறிய ராத்திரி
கிராஸ் உடைந்து நின்ற வண்டி.
பள்ளத்தெருவில் ஏழு குடும்பம் மொட்டைமாடியில்.
இளம்பரிதி படகு கேட்டுத் துறைமுகம் போயிருந்தார்.
சிமென்ட் சாக்கில் மல்லாந்து,
வாயில் கவ்விய செல்போன் வெளிச்சத்தில்
ஷாஃப்ட்டைக் கழற்றி, கிராஸ் மாற்றி, பூட்டினேன்.
உள்குழாயை வெளிக்குழாயில்
பல் பார்த்துச் செருக வேண்டும்;
இரு முனைக் கவட்டையும்
ஒரே பக்கம் பார்க்க வேண்டும்.
செருகினேன். செருகிக்கொண்டது.
அதுவே போதும் என்றிருந்தது.
விடிவதற்குள் பதினோரு நடை.
தண்ணீருக்குள் யார் போவார் எண்பதில்?

நைனா சேற்றைச் சுரண்டினார்.
பெட்ரோல் துணி துடைத்த இடத்தில்
கம்பெனிக்காரன் குத்திய அம்புக்குறி இரண்டு,
ஒன்றையொன்று பார்க்காமல்,
மூன்று பல் தள்ளி.
"எவன் பூட்டினான் இதை?"
"எவனோ" என்றார் இளம்பரிதி,
"முன்னாடி வச்சிருந்தவனா இருக்கும்."
நான் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரை
அவர் கேட்குமுன்பே நீட்டிவிட்டேன்.
நைனா ஸ்பேனரைப் பார்த்தார்,
என் கையைப் பார்த்தார்,
மறுபடி வண்டிக்குக் கீழே போய்விட்டார்.

கூலி முந்நூற்றைம்பது.

திரும்பும்போது சோதித்துப் பார்க்க
வேண்டுமென்றே ஹப்பை லாக்கில் போட்டோம்.
எண்பத்திரண்டு. எண்பத்தைந்து.
கண்ணாடியில் ஒரே ஒரு பஸ்,
அதன் நெற்றியில் எழுதிய சாமி பெயர்கூடத் தெரிந்தது.
"அந்த டயர்க்காரன் நம்மள நல்லா ஏமாத்திட்டான்."
ம், என்றேன்.
பெண்ணையாற்றுப் பாலத்தில் ஏறினோம்.
அதன் மூட்டுகள் மட்டும்
டக், டக் என்று
எதையோ எண்ணிக்கொண்டு வந்தன.