பறவைக் கணக்கு

ஷோவ்டேயில் நவம்பர் என்றால்
மூன்றரை மணிக்கே விளக்குப் போட வேண்டும்.
ரயில் நிலையத்துக்கு எதிரே, மூடிப்போன பேக்கரியின் மாடியில்
நாங்கள் மூன்று பேர், ஒரு விளையாட்டு:
புயல் வருவதற்குள் ஒரு படகுக்காரி
தீவுக்காரர்களைக் கரை சேர்க்க வேண்டும்.
கதை அவ்வளவுதான்.
மேலே பறக்க இருநூறு கடற்காகங்கள்.

முதலில் கணினிக்குத்தான் செய்தோம்.
யார் வீட்டுக்குப் போகிறதென்று தெரியாது.
ஒருவனிடம் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிய கிராபிக்ஸ் கார்டு,
ஒருத்தியிடம் மூடி பிளந்து டேப் ஒட்டிய லேப்டாப்,
இன்னொருவருக்கு மவுஸ் இடது கையில்.
நிழல் வேண்டுமா, பனிமூட்டம் எவ்வளவு,
அலை எத்தனை நுணுக்கம் என்று
பக்கம் பக்கமாய்க் கேட்டு வைத்தாள் இல்வா.
"உப்பும் உறைப்பும் அவரவர் போட்டுக்கொள்ளட்டும்."

மான்டிவீடியோவிலிருந்து ஒருவர் எழுதினார்:
படகு தண்ணீருக்கு அடியில் போகிறது.
அவருடைய டிரைவர் ஆறு வருடப் பழசு.
இரவு ஒன்று இருபதுக்குத் திருத்தி அனுப்பினோம்.
ஒன்று நாற்பதுக்குப் பதில் வந்தது:
மிதக்கிறது.
இல்வா அதை அச்செடுத்துக் காபி இயந்திரத்தில் ஒட்டினாள்.

பிறகு வந்தது கன்சோல் பெட்டி.
கையெழுத்துப் போட்டு வாங்கினோம்,
படம் எடுக்கக் கூடாது, வெளியே பேசக் கூடாது.
அலமாரிச் சாவி ஹென்னிங்கின் சைக்கிள் சாவியோடு தொங்கியது.
முதல் வாரம் அவனுக்கு ஒரே குஷி.
"கிருனாவிலும் இதே பெட்டி, லிமாவிலும் இதே பெட்டி.
இங்கே ஓடினால் எங்கேயும் ஓடும்!"

ஓடவில்லை.

இருக்கிற மெமரி இருக்கிறதுதான்;
நல்லதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று
எவரிடமும் சொல்ல முடியாது.
ஒரு பிரேமுக்குப் பதினாறு மில்லிசெகண்ட்.
அதற்குள் கடல், காற்று, படகுக்காரியின் முடி,
பறவைகள்.
காலையில் படியேறும்போதே கேட்பேன்:
"இன்று எத்தனை?"
"நாற்பதைக் கொன்றேன். இன்னும் போதவில்லை."
கடைசியில் மிஞ்சியது முப்பத்தொன்று.

நானும் தப்பவில்லை.
மேசைக்கு முன் குனிந்து படிப்பவருக்கு
நான் எழுதிய கடிதம் பதினெட்டு வரி.
அறைக்கு அந்தப் பக்கம் சோபாவில் சாய்ந்திருப்பவர்
எழுத்தைப் பெரிதாகக் கேட்கிறார்.
ஐந்து வரியாக்கினேன்.
கணவன் இறந்த செய்தி அதில் இருக்கிறது,
அவன் என்ன சட்டை போட்டிருந்தான் என்பது இல்லை.

ஒன்பது நாள் சோதித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.
நடுக்கடலில் கன்ட்ரோலரின் பேட்டரி தீர்ந்தால்
ஆட்டம் நிற்க வேண்டுமாம்.
எங்கள் படகு நிற்கவில்லை;
துடுப்பில் கையில்லாமல் நேரே பாறைக்குப் போய்
பதினோரு பேரை முழுகடித்திருக்கிறது.
கணினியில் இதை யாரும் கேட்டதில்லை.
மவுஸ் கீழே விழுந்தால் அது அவர் பாடு.
நிறுத்தினோம்.
திரையில் நான் எழுதினேன்: துடுப்பை எடுங்கள்.

இன்னொரு ஒன்பது நாள்.
"கன்ட்ரோலரை இணைக்கவும்" என்றே இருக்க வேண்டும்,
சொல் மாறக் கூடாது என்று மறுபடி திருப்பினார்கள்.
ஹென்னிங் என்னைத் திட்டவில்லை.
திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரலில் அனுமதி வந்தது.
அன்று மதியமே மூவரும்
ஹார்ன்போரியா ஏரிக்குப் போனோம், பெருங்கொக்கு பார்க்க.
அன்றைய எண்ணிக்கையைப் பலகையில் எழுதியிருந்தார்கள்,
ஆயிரக்கணக்கில்.
தெர்மாஸ் காபி, சேற்று வாடை, காது கொள்ளாத கூச்சல்.
ஹென்னிங் கண்ணை இடுக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தான்.
"தூரத்தில் இருப்பவை கழுத்தை அசைக்கவே இல்லை, கவனித்தாயா?
இங்கேயும் எவனோ மிச்சம் பிடித்திருக்கிறான்."

சிரித்துக்கொண்டிருக்கும்போதே
இல்வாவின் கைபேசி அதிர்ந்தது.
மான்டிவீடியோக்காரர்
புது டிரைவர் போட்டிருக்கிறார்.
மறுபடி மூழ்கிவிட்டது.