பதினேழாம் பிளாக்

ஆ செங் கடையில் கெலாமாத் தலை இலவசம்.
பூனைக்கா என்று கேட்பதை
அவன் நிறுத்தி வெகுநாளாயிற்று.

மண்டையைப் பிளந்தால்
மூளைக்கடியில் இரண்டு வெள்ளைக் கற்கள்,
பால்பல் போல.
கழுவித் தேதி எழுதித் தீப்பெட்டியில் போடுவேன்.
உள்முகத்தில் ஒரு பள்ளம்,
தலைப்பிரட்டை நீந்துகிற மாதிரி.
அது இருந்தால் கத்தாளைக் குடும்பம்.
செதிலும் துடுப்பும் சாட்சிக்கு வர வேண்டாம்.

நேற்று நிபோங் திபாலைத் தாண்டி
செம்பனைத் தோட்டத்தில் கால்வாய் ஆழப்படுத்தினார்கள்.
பெக்கோ ஓட்டும் புவனேந்திரன்
நீலக் களிமண் ஒட்டிய ஒன்றை நீட்டினான்.
"பல்லா, சார்?"

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன்.
தலைப்பிரட்டை.

ஆபிஸ் வரைபடத்தில் அந்த இடம் பதினேழாம் பிளாக்.
செம்பனைக்கு முன் ரப்பர், ரப்பருக்கு முன் காடு.
அதோடு நிற்கிறது.
கடல் என்று எவரும் எழுதவில்லை.

போன வாரத்துக் கல்லைப் பக்கத்தில் வைத்தேன்.
பழையது தடிமன், விளிம்பு மழுங்கல்.
அதே இனமா?
பென்சிலால் எழுதினேன்: கத்தாளை.
கொஞ்சம் யோசித்து, ஒரு கேள்விக்குறி.

புவனேந்திரன் கல்லைக் காதில் வைத்துப் பார்த்தான்.
"ஒன்னும் கேக்கலையே."
வெளியே குலை ஏற்றிய லோரி போனது.
தீப்பெட்டிக்குள் கற்கள்
லேசாக நடுங்கின.