கையுறை விரல்

ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குப் பாடம் எடுக்க
மலாவியிலிருந்து ஒரு டாக்டர் வருகிறார் என்றதும்
அந்த ஊர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.
மிஷின் கொண்டு வருவாரா என்று கேட்டோம்.

கொண்டு வரவில்லை.
சிக்கொண்டி என்று பெயர்.
தலையில் மப்ளர், காலில் ரப்பர் செருப்பு.
எங்கள் குளிருக்கு இந்தச் செருப்பு ஆகாது என்றேன் தமிழில்.
புரிந்ததுபோல் தலையாட்டினார்.
மறுநாளும் அதே செருப்பு.

முதல் பாடம் காபிச் சாக்கு.
உமி அடைத்து மேஜையில் கிடத்தி
இது மனிதன், நெஞ்சை அழுத்து என்றார்.
தீர்த்தகிரி டாக்டர் மொழிபெயர்த்தார்,
கொஞ்சம் வெட்கத்தோடு.
எவ்வளவு வேகம்?
ஜன்னலுக்கு வெளியே கை காட்டினார்.
எதிர் எஸ்டேட்டில் பழம் உடைக்கும் யந்திரம்
டக்டக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.
அந்த வேகம்.
அது நின்றாலும் நீ நிற்காதே.

பதினெட்டு வருடம் இதே வார்டில் நின்றவள் நான்.
பாம்புக்கடி, காட்டெருமை முட்டியது,
வளைவில் கவிழ்ந்த சுற்றுலா வேன்.
எனக்கென்ன சொல்லித் தரப்போகிறார்?
ஒருநாள் அலமாரியைத் திறக்கச் சொன்னார்.
இல்லாதவற்றை ஒப்பித்தேன்,
வருடாவருடம் இண்டெண்டில் எழுதி மனப்பாடமான பட்டியல்.
முழுவதும் கேட்டுவிட்டு
இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பினார்.
தரை போதவில்லை.

மாசியில் மிளகு பறிக்க ஏறிய சடையன்
ஒற்றை மூங்கில் ஏணியோடு
சில்வர் ஓக்கிலிருந்து விழுந்தான்.
ஜீப்பில் வந்தபோது உதடு நாவல்பழம்.
எக்ஸ்ரே அறை பூட்டியிருந்தது,
சாவி சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில்.
படம் எடுக்காமல் எப்படி என்றார் தீர்த்தகிரி.
காத்திருந்தால் மாலை போடத்தான் படம்.
அது சிக்கொண்டி சொன்னதா
தீர்த்தகிரி சேர்த்ததா, இன்றுவரை தெரியாது.

ஒரு பக்கம் ஏறாத நெஞ்சு,
புடைத்த கழுத்து நரம்பு.
காதை வை, விரலால் தட்டு.
ஆரஞ்சுத் தலை வென்ஃப்ளானை என் கையில் கொடுத்துவிட்டு
தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.
விலா எண்ணினேன். குத்தினேன்.
உஸ்.
யாரோ காதருகே ரகசியம் சொல்ல வந்து
சொல்லாமல் மூச்சை மட்டும் விட்டதுபோல.

ஊசி முனையில் கையுறையின் ஒரு விரலை வெட்டிக் கட்டினார்,
நுனியில் சின்னக் கீறல்.
நூற்றியெட்டு வண்டி இறங்கியது.
இருபதில் தொடங்கி ஒன்றுக்கு இறங்கும் வளைவுகள்.
அந்த ரப்பர் விரல் உப்பும், சுருங்கும்,
உப்பும், சுருங்கும்.
தன் ஊரும் மலைதான் என்றவர்
பதினொன்றாம் வளைவில் வாந்தி எடுத்தார்.
இடுப்பைப் பிடித்து நிறுத்தி
எந்த வளைவுக்கு எந்த முட்டியை ஊன்றுவது என்று
நான் சொல்லிக் கொடுத்தேன்.

பெரியாஸ்பத்திரியில் அந்த விரலை வெட்டி
குப்பையில் போட்டு
முறையான குழாய் வைத்தார்கள்.
சடையன் நடக்கிறான். ஏணியில் ஏறுவதில்லை.

அவர் ஊர் திரும்பியபின்
சித்திரையில் இன்னொருவன் விழுந்தான்.
அதே விலா, அதே ஊசி, அதே விரல்.
ஐந்தாம் வளைவில் விரல் நின்றது.
அடிவாரம்வரை நெஞ்சை அழுத்தினேன்,
யந்திரமில்லாத மாதத்தில்
அந்த வேகத்தை நினைவில் ஓட்டி.

இரவு அவருக்கு எழுதினேன்.
ஆறுதலாக ஏதாவது வரும் என்று விழித்திருந்தேன்.
விடியலில் ஒரு வரி:
சாக்கில் உமி இறங்கியிருக்கும், நிரப்பி வை.

போய்ப் பார்த்தேன்.
மூலையை எலி கடித்திருந்தது.