இருபது மீட்டர்

நகராட்சியின் கடிதம் சுருக்கமானது:
இரண்டு துளைகளுக்கு நடுவே இருபது மீட்டர்.
குறைந்தால், பக்கத்து வீட்டாரின் ஒப்புதல் வேண்டும்,
மையில்.

ஏப்ரலின் கடைசிப் பனிமேல் நாடாவை விரித்தேன்.
பதினான்கரை.
கிணறு வெட்டப் புறப்பட்ட பூதம்
வேலிக்கு அப்பால்தான் குடியிருந்தது,
சிக்வார்ட் என்ற பெயரில்,
முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு.

"பதினோரு வருடமாக என் வீடு
அந்தப் பாறையில் சாப்பிடுகிறது.
நீயும் தட்டேந்தினால்
இரண்டு வீட்டுக்கும் அரை வயிறு."
காகிதத்தை மடிப்புக் கலையாமல் திருப்பித் தந்தார்.

அவர் சொன்னது பொய்யில்லை.
வேலிக்கால் அரை மீட்டர்தான் மண்ணுக்குள் போகிறது.
அதற்குக் கீழே எது எவருடையது என்று
வெப்பத்துக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

துளையிட வந்தவர் இஸ்கோ, ஃபின்லாந்துக்காரர்,
பேச்சைச் செலவழிக்காதவர்.
தோட்டத்தைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார்.
துளையை எதிர்ப்பக்கம் சாய்த்துவிட்டார்,
பன்னிரண்டு டிகிரி,
கோபித்துக்கொண்டவர் கட்டிலில்
திரும்பிப் படுப்பதுபோல.

மூன்று நாள் வீடு பல்லைக் கடித்தது.
அலமாரிக் கோப்பைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.
சாம்பல்நிறக் கூழ் குழாய்வழியே பொங்கி
உருளைக்கிழங்குப் பாத்தியை மூடியது.
நூற்றெண்பது மீட்டர்.
அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.
"ஈரம்" என்றார்.
பிறகு, யோசித்து, "நாலு டிகிரி."

நாலு டிகிரி!
பால் கெடாமல் வைக்கிற குளிர் அது.
அதிலிருந்தா என் படுக்கையறை?
அப்படித்தானாம்.
ஒரு ஃப்ரிட்ஜை முதுகு இந்தப் பக்கம் வர நிறுத்தினால்
உள்ளே பூமி, பின்னால் நாம்.

நவம்பரில் எண்ணெய்த் தொட்டியை வெட்டி எடுத்துப் போனார்கள்.
இரும்பு அடுப்பையும் விற்றேன்;
நகரத்திலிருந்து வந்த இளம் ஜோடி
பூந்தொட்டி வைக்க வாங்கிப்போனது.
சலவையறையில் ஒரு வெள்ளைப் பெட்டி மட்டும்
தூக்கத்தில் முனகுகிறவரைப் போல.
அதை மறந்தேபோனேன்.
மறப்பதற்குத்தானே அவ்வளவு பணம் கட்டினேன்.

பிப்ரவரி. மைனஸ் முப்பத்தொன்று.
பனிச்சுமை தாளாத ஃபிர் மரம் ஒன்று
மின்கம்பிமேல் உட்கார்ந்தது.
முனகல் நின்றது.

வெப்பம் இருந்த இடத்திலேயே இருந்தது,
நூற்றெண்பது மீட்டர் நிறைய.
கயிறு அறுந்த கிணறு.
ஏழு மணிநேரத்தில் சமையலறை எட்டு டிகிரிக்கு இறங்கியது.
கம்பளிமேல் கம்பளி.
நாயையும் எடுத்துப் போர்த்திக்கொண்டேன்.

சிக்வார்டின் பெட்டியும் ஊமைதான்.
ஆனால் அவர் புகைபோக்கியில் புகை.
மனிதர் எதையும் விற்காதவர்.

நான் போய்க் கதவைத் தட்டவில்லை.
அவர்தான் வந்தார், தலையில் விளக்கோடு,
இடுப்பளவு பனியை உழுதுகொண்டு.
"நாய்க்குக் குளிரும்" என்றார்.

ஓடு பதித்த அடுப்பின்முன் இரண்டு நாற்காலி.
நடுவே ஒன்றேகால் மீட்டர்;
பழக்கதோஷம், கண்ணாலேயே அளந்துவிட்டேன்.
நாய் குறுக்கே நீட்டிப் படுத்து
யார் ஒப்புதலும் கேளாமல்
முதுகும் வயிறுமாக மாறிமாறிக் காய்ந்தது.
விடியும்வரை நாங்கள் பேசியதெல்லாம்
பிர்ச் விறகு ஈரமா, இல்லையா.

ஜூலையில் கூரை கொதித்தது.
கம்ப்ரஸரை உறங்கவிட்டு
குழாய்நீரை மட்டும் சுற்றவிட்டேன்.
மாடியறையின் வெக்கை முழுதும்
படியிறங்குவதுபோல் பாறைக்குள் இறங்கிப்போயிற்று.
அங்கே அது எந்தப் பக்கம் நகர்ந்தது என்று
நான் விசாரிக்கவில்லை.

அக்டோபரில் வேலியோரம் வந்தார்,
கையில் கோடுபோட்ட நோட்டு.
அவர் துளையிலிருந்து ஏறிவரும் நீர்
போன வருடத்தைவிட
பத்தில் ஒரு டிகிரி கூடியிருக்கிறதாம்.
புகார் சொல்கிற குரலில் சொன்னார்.

"உங்கள் மானி பழசு" என்றேன்.
"இருக்கலாம்" என்றார்,
நின்ற இடத்திலேயே நின்றார்.

நாய், வேலியடியில்,
தோண்ட ஆரம்பித்தது.