கடைசி நாள், பகல் பன்னிரண்டு வரை

மர்ரேயின் சிரிப்பு வேலியில் ஆடுகிறது
வெல்லிங்டன் காற்றில் ஒரு மூலை பிய்ந்து.
மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இதே சிரிப்பு,
பல் மட்டும் இந்தத் தடவை வெளுப்பு கூடியிருக்கிறது.

மனுக்கா தெரு முனையில் சாக்கடை மூடி
மழைக்கு மழை தன்னைத்தானே தூக்கிக்கொள்ளும்.
ஜூலையில் கிளெனிஸின் கராஜுக்குள்
முழங்கால் தண்ணீர்.
மிதந்தவை: ஒரு ஸ்கேட்போர்டு, நாய்த்தீனி மூட்டை,
கவுன்சில் அனுப்பிய வரி உயர்வுக் கடிதம்.

எண்பத்தேழாம் நம்பர் பஸ்ஸை நிறுத்தினார்கள்.
ரவுண்டானாவில் ஒரு எஃகுப் பறவையை நிறுத்தினார்கள்.
அது எங்கும் போகாது.
ஆனாலும் அதனடியில்தான் காத்திருக்கிறார் விரேமு,
டயாலிசிஸ் பையோடு,
யாராவது ஏற்றிக்கொள்வார்களென்று.

கூட்டத்தில் நானும் கத்திப் பார்த்தேன்.
கத்தியதைக் குறித்துக்கொண்டார்கள்.

போன தேர்தலில் லோசா நின்றாள்.
குழாய், பஸ், அவ்வளவுதான் அவள் பேச்சு.
ஒன்பது ஓட்டில் தோற்றாள்.

எங்கள் தெருவில் வீடுகள் பதினான்கு.

என் வீட்டு உறை
ஒட்டின எச்சில் காய்ந்து
மைக்ரோவேவ் மேல் கிடந்தது கிறிஸ்துமஸ் வரை.
அதன் முதுகில் என் கையெழுத்து:
பால், பூண்டு, பல்பு.
கிளெனிஸிடம் இதைச் சொன்னதில்லை.
அவளும் எதையோ சொல்லாமல்தான் வைத்திருக்கிறாள்.

இன்று சனி. மணி பதினொன்று நாற்பது.
சூப்பர்மார்க்கெட் வாசலில் ஆரஞ்சுப் பெட்டி.
விரேமுவை ஏற்றிக்கொண்டு போகிறேன்,
பின்சீட்டில் இரண்டு உறைகள்.
பறவையைச் சுற்றும் வளைவில்
எனக்கு முன்னால் ஒரு லாரி,
நகரவே மாட்டேன் என்கிறது.