தலையில்லாத காசு

பகாவ் கடைத்தெருவில், மழை விட்ட சாயங்காலம்,
கோப்பிக் கடை மேசையில்
முப்பத்தாறு பெயர்களைப் பரப்பி வைத்திருக்கிறேன்.
எல்லாரும் எண்ணெய் ஆலையில் இரவு ஷிப்ட்.
கேள்வி சின்னதுதான்:
நடுச்சாமத்தில் இருபது நிமிடம் கண்ணயர்ந்தால்
விடியும்வரை கவனம் தப்பாமல் இருக்குமா?

கேள்வியை ஒரே இரவில் எழுதிவிட்டேன்.
எப்படிக் கேட்பது என்பதில்
மூன்று வாரம் போயிற்று.

இரண்டு குழுவாகப் பிரிக்கலாம்.
பாதிப் பேருக்கு உறக்கம், பாதிப் பேருக்கு வெறும் நாற்காலி.
ஆனால் சந்தனசாமி வீட்டில் ஆறு மாதக் கைக்குழந்தை.
ரூபல் காலை எட்டுக்குப் படுக்கும்போதுதான்
பங்களாதேஷில் அவன் மனைவி எழுந்து கூப்பிடுகிறாள்.
கண்ணபிரானுக்குச் சர்க்கரை.
முப்பத்தாறு பேர் போதாது.
யாரை எங்கே வைத்தாலும் தராசு ஒருபுறம் இழுக்கும்.

ஒருவரையே இரண்டு இரவு பார்க்கலாம்.
இன்று உறங்கி, நாளை உறங்காமல்.
அவரவருக்கு அவரவரே எடைக்கல்.
ஆனால் சிவப்புப் புள்ளி வந்ததும்
பொத்தானை அழுத்தும் அந்த விளையாட்டு
இரண்டாம் இரவில் விரலுக்குப் பழகிவிடும்;
பழக்கத்தைப் போய்
உறக்கம் என்று எழுதிவைப்பேன்.

பாதிப் பேருக்கு வரிசையை மாற்று,
சீட்டுக் குலுக்கு, நீயாகத் தேர்ந்தெடுக்காதே
என்கிறார் பேராசிரியர்,
கோலாலம்பூர்க் குளிரறையிலிருந்து, இரண்டே வரியில்.

சரி. பூவா தலையா.
பையில் கிடைத்தது இருபது காசு.
ஒரு பக்கம் செம்பருத்தி, மறுபக்கம் எண்.
இந்த ஊர்க் காசில் தலை கிடையாது.
பூ விழுந்தால் முதலில் உறக்கம்.

இருபத்தைந்தாவது பெயரில்
தே தாரேக் டம்ளரோடு வந்து நின்றார் சந்தனசாமி.
"எனக்கு என்னா விழுந்துச்சு?"
"இப்பச் சொல்லக்கூடாதுண்ணே."
"ஆலையும் இப்படித்தான்மா.
ஒரு வாரம் பகலு, ஒரு வாரம் ராத்திரி,
பதினாறு வருசமா மாத்தி மாத்திப் போடுறான்.
அவன் என்னாத்தக் கண்டுபிடிச்சான்?"

சிரிக்கத்தான் கேட்டார். நானும் சிரித்தேன்.
பிறகு பென்சில் ஓடவில்லை.
என் மூன்று வாரத்து அட்டவணை
ஆலை வாசல் பலகையில்
வாராவாரம் ஒட்டப்படுவதுதான்.
அங்கே அளப்பவர் இல்லை.
ஒப்புதல் படிவமும் இல்லை,
அதன் நான்காம் பத்தியும்:
பங்கேற்பாளர் எப்போது வேண்டுமானாலும்
காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம்.

சங்கு ஊதியது.
பாதி டம்ளரை வைத்துவிட்டு
மோட்டார் சைக்கிளை உதைத்தார்.
மேசை துடைக்க வந்த பையன்
டம்ளரோடு சேர்த்து
என் இருபது காசையும் எடுத்துப் போய்விட்டான்.

இன்னும் பதினொரு பெயர் பாக்கி.